தண்ணீர் எங்கே நின்றது?



நம் வீடுகளில் தண்ணீரோடு அதிக நேரம் பழகுகிறவர்கள் நாம்தாம். சுபஹுக்கு வுழூச் செய்வது முதல் இரவில் கடைசிப் பீங்கானைக் கழுவிக் கவிழ்ப்பது வரை நம் கை ஈரம் காய்வதில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் எந்த வழியால் குசினிக்குள் வருகிறது, எதைப் பூட்டினால் அது நிற்கும் என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. "அது அவருக்குத்தான் தெரியும்" என்போம். "நானா வந்தால் பார்ப்பார்" என்போம். அவர் கடல் கடந்து உழைக்கிறார். நானா இரவு எட்டு மணிக்குத்தான் வேலையால் வருவார். பைப் பாஸோ, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி நாலு நாளாகிறது. அதுவரை வாளியும் நாமும்தான்.

இம்முறை உடுப்புக் கழுவும் வோஷிங் மெஷினுக்குத் தண்ணீர் வரும் வழியைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். மெஷின் தண்ணீர் எடுக்காமல் நின்றால் உடனே "மெஷின் பழுது" என்று சொல்லிவிடுகிறோம். அநேகமான வேளைகளில் மெஷினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதற்கு வரவேண்டிய தண்ணீர் வழியில் எங்கோ நின்றிருக்கும். எங்கே நின்றது என்று தேடிப் பார்க்க ஒரு வாளி, ஒரு குறடு, ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், இவை போதும். சமையலில் உப்பு எங்கே கூடியது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த நமக்கு இது பெரிய வித்தையல்ல.

எங்கள் வீடு புத்தளத்தில் இருக்கிறது. என் மாமி, அதாவது கணவரின் உம்மா, இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார்த் தீவிலிருந்து படகில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியவர்களில் அவரும் ஒருவர். முகாமில் ஆறு பேருக்கு ஒரு நாளைக்கு எத்தனை வாளி என்று கணக்குப் பார்த்துத் தண்ணீர் செலவழித்தவர். இன்றைக்கும் யாராவது பைப்பைத் திறந்துவிட்டுப் பல் துலக்கினால் கட்டிலில் இருந்தபடியே சத்தம் போடுவார். உடம்பு ஒத்துழைக்காவிட்டாலும் தொழுகையை மட்டும் விடவில்லை. படுத்தபடி சைகையால் தொழுவார். ஒவ்வொரு வக்துக்கும் முன்னால் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "விரிப்பு சுத்தமா, மகள்?"

படுக்கையில் இருக்கும் ஒருவரைப் பராமரித்த சகோதரிகளுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். ஒரு நாளைக்கு மூன்று விரிப்பு, சில நாளில் ஐந்து. அதோடு துவாய், கவுன், தலையணை உறை. சவர்க்காரத்தில் ஊறினால் மட்டும் போதாது. நல்ல தண்ணீரில் அலசி எடுத்தால்தான் மாமியின் மனம் ஆறும். வோஷிங் மெஷின் எங்கள் வீட்டில் இந்த ஒரு காரணத்துக்காகத்தான் வந்தது.

போன வருடம் எங்கள் வீதியில் குழாய் உடைந்து, திருத்தி, மூன்றாம் நாள்தான் மறுபடி தண்ணீர் வந்தது. வந்த தண்ணீர் முதலில் தேநீர் நிறத்தில் இருந்து பின்பு தெளிந்தது. அந்தக் கிழமையிலேயே மெஷின் நின்றுவிட்டது. சுவிட்சைப் போட்டால் விளக்கெல்லாம் எரிகிறது. கதவு பூட்டிக் கொள்கிறது. "ம்ம்ம்" என்று ஒரு மெல்லிய இரைச்சல் கேட்கிறது. தண்ணீர் மட்டும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பீப் பீப் என்று அடித்து, பைப் படம் போட்ட சிவப்பு விளக்கு மின்னுகிறது.

திருத்துகிறவர் ஒருவர் வந்தார். பின்பக்கம் எதையும் கழற்றிப் பார்க்கவில்லை. பொத்தான்களை அமத்திப் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் போர்ட் எரிந்துவிட்டது, கொழும்பிலிருந்து எடுக்க வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். எங்கள் ஒரு மாதச் சாமான் செலவுக்கு ஏறக்குறையச் சமமான தொகை அது. வெளியூரில் வியாபாரம் பார்க்கும் கணவர் வெள்ளிக்கிழமை வந்ததும் முடிவு சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தோம். அன்று திங்கட்கிழமை.

இரண்டு நாள் கையால் கழுவினேன். மூன்றாம் நாள் எதிர்வீட்டு ராத்தா, கறி கொண்டுவந்த கோப்பையைத் திரும்ப வாங்க வந்தவர், வாசலில் காயும் விரிப்புகளைப் பார்த்து விசாரித்தார். ராத்தா குவைத்தில் ஏழு வருடம் வீட்டு வேலை செய்தவர். அங்கே உடுப்புக் கழுவும் மெஷினும், பீங்கான் கழுவும் டிஷ் வோஷரும் அவர் பொறுப்பில் இருந்தன. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இரைச்சல் கேட்குதா, இல்லையா?" கேட்குது என்றேன். "அப்ப கரண்ட் வருகுது. தண்ணிதான் வரல்ல. சல்லடையப் பாத்தீங்களா?"

இந்தக் கேள்வியின் பொருளை ராத்தா எனக்கு விளக்கினார். பிறகு மெஷினோடு வந்த சிறு புத்தகத்தையும் ஆறுதலாக வாசித்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றையே சொல்லின.

மெஷினின் பின்புறம் தண்ணீர் உள்ளே போகும் வாயில் ஒரு வால்வ் இருக்கிறது. சாதாரண பைப்பை நாம் கையால் திருகித் திறப்பது போல இந்த வால்வை மின்சாரம் திறக்கிறது. மின்சாரம் வரும்போது அதிலுள்ள கம்பிச் சுருள் காந்தமாகி ஒரு சிறு தண்டை மேலே இழுக்கும். தண்ணீர் தன் சொந்த அழுத்தத்தால் உள்ளே பாயும். மின்சாரம் நின்றால் ஒரு ஸ்பிரிங் தண்டைக் கீழே தள்ளி அடைத்துவிடும். அந்தச் சுருளுக்குக் கரண்ட் வரும்போது கேட்பதுதான் அந்த மெல்லிய இரைச்சல். ஆகவே இரைச்சல் கேட்டும் தண்ணீர் வரவில்லையென்றால், தண்ணீர் வரும் வழியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரைச்சலே இல்லையென்றால் கோளாறு மின்சாரப் பக்கம் இருக்கலாம். அது நம் வேலையல்ல. காதைக் கொடுத்துக் கேட்பதற்குக் காசு செலவில்லை, சகோதரிகளே. ஆனால் அந்தத் திருத்துகிறவர் அதைச் செய்யவில்லை.

இனித் தேடும் முறைக்கு வருவோம். முதலில் மெஷினின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. தரையைத் துடைத்து, கையைத் துடைத்து, காலில் செருப்புப் போட்டுக் கொள்ளுங்கள். தண்ணீரும் கரண்டும் ஒன்றாக இருக்கும் இடத்தில் அவசரம் கூடாது.

வீட்டின் மற்றப் பைப்களில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். தாங்கி காலியாக இருக்க மெஷினைத் திட்டும் வீடுகள் உண்டு. அடுத்து, மெஷினுக்குரிய பைப் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் திருகக்கூடிய எதைக் கண்டாலும் கை சும்மா இராது. பிறகு மெஷினைக் கொஞ்சம் முன்னே இழுத்து, பின்னாலுள்ள ஹோஸ் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். இடம் போதாத குசினிகளில் மெஷினைச் சுவரோடு ஒட்டித் தள்ளும்போது ஹோஸ் நசுங்கி வழி அடைபடும். இவ்வளவிலேயே சில வீடுகளில் விஷயம் முடிந்துவிடும்.

முடியாவிட்டால் வாளியை எடுங்கள். பைப்பைப் பூட்டி, ஹோஸின் பைப் பக்க முனையைக் கையால் திருகிக் கழற்றுங்கள். கீழே ஒரு பழைய துவாயை விரித்திருங்கள். உள்ளே நிற்கும் தண்ணீர் ஓரளவு கொட்டும். இப்போது பைப்பை வாளிக்குள் திறந்துவிடுங்கள். நன்றாகப் பாய்ந்தால் பைப் வரைக்கும் குறையில்லை. மெதுவாக வடிந்தால் கோளாறு பைப்பிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. மெஷினை மறந்துவிட்டு மேலே தாங்கியை நோக்கிப் போங்கள்.

பைப்பில் தண்ணீர் நன்றாக வந்தால் ஹோஸை மறுபடி அதில் பூட்டுங்கள். இம்முறை மெஷின் பக்க முனையைக் கழற்றி வாளிக்குள் பிடித்துக் கொண்டு பைப்பைத் திறவுங்கள். ஹோஸாலும் நன்றாகப் பாய்கிறதா? அப்படியானால் தண்ணீர் மெஷினின் வாசல் வரை வந்துவிட்டது. வாசலில்தான் தடை.

எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது. ஹோஸைக் கழற்றிய இடத்தில், மெஷினின் வாய்க்குள் எட்டிப் பார்த்தால் ஒரு சின்னச் சல்லடை தெரியும். தையல்காரர் விரலில் போடும் உறை அளவுதான் இருக்கும், பிளாஸ்டிக்கில் செய்தது. அதன் நடுவில் பிடித்து இழுப்பதற்கென்றே ஒரு சிறு முனை இருக்கும். குறட்டால் அந்த முனையை மெதுவாகப் பிடித்து நேராக வெளியே இழுக்க வேண்டும். திருகவோ நெம்பவோ கூடாது. எங்கள் சல்லடை வெளியே வந்தபோது சல்லடை போலவே இல்லை. சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக இறுகி, அதன் மேல் மண்ணும் துருவும் அப்பிக் கிடந்தன. கறுப்பு றப்பர்த் துகள்களும் இருந்தன. வீதிக் குழாய்த் தண்ணீரோடு வந்த கலங்கல், ஏற்கனவே பாதி அடைத்திருந்த சல்லடையை முழுதாக மூடிவிட்டது.

மண் எங்கிருந்தும் வரும். வெள்ளைப் படிவுக்குக் காரணம் வேறு. புத்தளம், கற்பிட்டி, மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளில் நிலத்தடியில் சுண்ணாம்புக் கல் இருப்பதால் நம் கிணற்றுத் தண்ணீர் வன்தன்மை கொண்டது. சவர்க்காரம் நுரைக்காது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். அதே படிவுதான் சல்லடைக் கண்களையும் கொஞ்சம் கொஞ்சமாக மூடுகிறது. கேத்தலைச் சுத்தம் செய்ய நாம் என்ன செய்கிறோமோ அதையே இங்கும் செய்யலாம். ஒரு சின்னக் கோப்பையில் வினாகிரி ஊற்றிச் சல்லடையை ஊறப் போடுங்கள். வினாகிரி இல்லையென்றால் தேசிக்காய்ச் சாறு. சுண்ணாம்பு கரையும்போது சிறு குமிழிகள் கிளம்புவதைக் காணலாம். ஒரு மணி நேரம் விட்டு, பல் துலக்கும் பிரஷால் உள்ளும் வெளியும் தேய்த்துக் கழுவுங்கள். ஊசியால் குத்த வேண்டாம், கண் பெரிதாகிவிடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எல்லாக் கண்ணும் தெரிய வேண்டும்.

சல்லடையை மறுபடி உள்ளே தள்ளி, ஹோஸைப் பூட்டி, பைப்பைத் திறந்து, கசிவு இல்லையென்று கண்ட பிறகு பிளக்கைப் போட்டோம். இரைச்சல் கேட்டது. அதன் பின்னால் சளசளவென்று தண்ணீர் விழும் சத்தமும் கேட்டது. உள்ளேயிருந்து மாமி, "தண்ணி வந்திட்டா, மகள்?" என்று கேட்டார். அல்ஹம்துலில்லாஹ், அன்று அஸருக்கு விரிப்பு காய்ந்துவிட்டது.

ஹோஸில் கூட ஒரு சல்லடை இருக்கலாம். சில ஹோஸ்களில் பைப் பக்க முனையில் றப்பர் வோஷரோடு சேர்ந்து ஒரு வட்ட வலை இருக்கும். அதையும் பார்க்காமல் விடாதீர்கள்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அடிக்கடி அடைபடுகிறது என்று சொல்லிச் சில திருத்துகிறவர்கள் அந்தச் சல்லடையை எறிந்துவிடுகிறார்கள். தண்ணீர் அப்போதைக்கு நன்றாக வரும். ஆனால் தடுக்க ஆளில்லாத மண் நேரே வால்வுக்குள் போய், அடைக்கும் றப்பரில் உட்காரும். வால்வ் திறக்கும், முழுதாக மூடாது. மெஷின் நின்றிருக்கும்போதும் தண்ணீர் துளித்துளியாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இரவில் நிரம்பினால் காலையில் குசினியெல்லாம் வெள்ளம். பிளக்கைக் கழற்றிய பிறகும் மெஷினுக்குள் தண்ணீர் ஏறுகிறதென்றால் அடையாளம் இதுதான். உடனே பைப்பைப் பூட்டுங்கள். வால்வை மாற்றத்தான் வேண்டும். அப்போதும் மாற்றுவது வால்வை மட்டுமே, முழு மெஷினையல்ல.

சரி, எங்கள் மெஷின் வேலை செய்தது. ஆனாலும் சில வேளை நிரம்ப அதிக நேரம் எடுத்தது. சபைத் தண்ணீர் நேரே வரும் வேளையில் வேகமாக நிரம்பும், தாங்கியிலிருந்து வரும்போது இழுபறி. இதற்குக் காரணம் உயரம். தண்ணீரின் அழுத்தத்தை 'பார்' என்ற அளவால் சொல்வார்கள். தண்ணீர் 10 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். எங்கள் மெஷின் புத்தகத்தில் குறைந்தது 0.05 மெகாபஸ்கால் வேண்டும் என்று போட்டிருக்கிறது. அது 0.5 பார், அதாவது 5 மீற்றர் உயரம். எங்கள் தாங்கியோ குளியலறைக் கூரைக்கு மேலே, மெஷினின் வாயிலிருந்து அளந்தால் மூன்றரை மீற்றர்தான். தாங்கி 500 லீட்டரோ 1000 லீட்டரோ என்பது இங்கே முக்கியமில்லை. அகலமான தாங்கி அழுத்தம் தராது, உயரமான தாங்கிதான் தரும்.

ஆகவே புதிதாக மெஷின் வாங்கும் சகோதரிகள் நிறத்தையும் கிலோவையும் கேட்பதோடு, "குறைந்த தண்ணீர் அழுத்தம் எவ்வளவு?" என்றும் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் புத்தகத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் தாங்கியின் உயரத்தை வீட்டிலேயே நூல் கட்டி அளந்து கொண்டு போங்கள். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் தாங்கி வைக்கும் தூணை இன்னும் இரண்டு மீற்றர் உயர்த்தினால், பின்னால் மோட்டர் வாங்கும் செலவு மிச்சமாகும். ஏற்கனவே கட்டியவர்கள் தாங்கிக்குப் பிறகு ஒரு சிறு அழுத்த மோட்டர் பூட்டலாம். ஆனால் வீதிக் குழாயிலிருந்து நேரே மோட்டரால் இழுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது அடுத்த வீட்டுக்குப் போக வேண்டிய தண்ணீரை இழுப்பது. அயலாரின் ஹக்கைப் பற்றி நமக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

ஹோஸைப் பற்றியும் இரண்டு வார்த்தை. மெஷினோடு வரும் ஹோஸின் இரு முனையிலும் முக்கால் அங்குல மரை உள்ள பிளாஸ்டிக் நட்டும், அதற்குள் ஒரு தட்டையான றப்பர் வோஷரும் இருக்கும். தண்ணீர் கசியாமல் பிடிப்பது அந்த வோஷர்தான். மரைக்கு அங்கே வேலை கிடையாது. எனவே அந்த நட்டுக்கு வெள்ளை டேப் சுற்ற வேண்டியதில்லை. கையால் இறுகும் வரை திருகி, அதற்கு மேல் கால் சுற்று. ஸ்பனரால் முறுக்கினால் பிளாஸ்டிக் வெடிக்கும். கசிந்தால் வோஷரை மாற்றுங்கள். டேப் சுற்ற வேண்டியது பைப் சுவருக்குள் போகும் மரைக்குத்தான். மரையின் முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது டேப் அவிழ்ந்து வந்துவிடும்.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸை வெட்டி, கிளிப் போட்டு, சைக்கிள் டியூப் துண்டால் வரிந்து மெஷினுக்குப் பூட்டியிருப்பதை நான் எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன். ஓடும்வரை ஓடும். மெஷின் வால்வ் படக்கென்று மூடும்போது ஹோஸுக்குள் தண்ணீர் ஒரு அடி அடிக்கும். அந்த அடியை ஒரு நாள் அது தாங்காது. நீங்கள் கலியாண வீட்டில் இருக்கும்போதுதான் கழன்று போகும். சரியான ஹோஸ் எந்த ஹாட்வெயார் கடையிலும் கிடைக்கும். ஹோஸின் உடம்பில் வீக்கமோ வெடிப்போ கண்டால் மாற்றிவிடுங்கள். உம்ராவுக்கோ ஊருக்கோ போகும்போது மெஷின் பைப்பைப் பூட்டிவிட்டுப் போங்கள்.

டிஷ் வோஷர் நம் நாட்டில் இன்னும் பரவலாகவில்லை. கொழும்பு மாடி வீடுகளில் சிலவற்றில் இருக்கிறது. அரபு நாடுகளிலும் அவுஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் இருக்கும் நம் சகோதரிகளின் வீடுகளில் சாதாரணமாக இருக்கிறது. அதன் தண்ணீர் வழியும் இதேதான். ஸிங்கின் கீழே ஒரு சிறு வால்வ், அதிலிருந்து முக்கால் அங்குல ஹோஸ், அதன் முனையில் சல்லடை. மேலே சொன்ன வாளிப் பரீட்சை அதற்கும் பொருந்தும். ஆனால் சில டிஷ் வோஷர் ஹோஸ்களின் பைப் பக்க முனையில் தடித்த ஒரு பெட்டி இருக்கும். வெள்ளம் வராமல் தடுக்கும் மின் வால்வ் அதற்குள் இருக்கலாம், அந்த ஹோஸை வெட்டக் கூடாது. பீங்கான் தட்டுகளுக்குக் கீழே, சோற்றுப் பருக்கை பிடிக்கும் வடி ஒன்றும் உண்டு. அது அழுக்குத் தண்ணீருக்கானது. அதைக் கழுவிவிட்டு, சல்லடையைச் சுத்தம் செய்துவிட்டேன் என்று நினைத்தால் கணக்குத் தவறும். இன்றைய டிஷ் வோஷர் ஒரு தடவைக்கு 10 முதல் 15 லீட்டர் வரை தண்ணீர் எடுக்கிறது. பைப்பைத் திறந்துவிட்டு நாம் கழுவுவதோடு ஒப்பிட்டால் அது குறைவே. எதிர்வீட்டு ராத்தா இதைச் சொன்னபோது மாமிக்கு நம்பிக்கை வரவில்லை. "பெட்டிக்குள்ள என்ன நடக்குதெண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார்.

தண்ணீர் வராததைப் பற்றியே பேசினோம். வந்துகொண்டே இருப்பதும் ஒரு கோளாறுதான். ஒரு செக்கனுக்கு ஒரு துளி வீதம் சொட்டும் பைப் ஒரு நாளில் ஏறக்குறைய 20 லீட்டரை வீணாக்கும். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து தண்ணீரில் வுழூச் செய்தார்கள் என்பது ஹதீஸ்களில் வருவது. முத்து என்பது நடுத்தரக் கைகள் இரண்டும் சேர்ந்து அள்ளும் அளவு. அந்தக் கணக்கில் நம் சொட்டும் பைப் ஒரு நாளைக்கு இருபது பேருக்கு மேற்பட்டோரின் வுழூத் தண்ணீரைக் குடிக்கிறது. சொட்டுவதற்குக் காரணம் அநேகமாக உள்ளே தேய்ந்துபோன ஒரு வோஷர்தான். மறைவான கசிவைக் கண்டுபிடிப்பதும் சுலபம். இரவு படுக்கப் போகுமுன் எல்லாப் பைப்பையும் பூட்டி, தாங்கி நிரம்பி நின்ற பிறகு தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். யாரும் பாவிக்காத நேரத்தில் அதன் சின்னச் சக்கரம் சுற்றினால் எங்கோ போகிறது. தாங்கிக்குள் மிதக்கும் போல் வால்வை முதலில் பாருங்கள். அது சரியாக அடைக்காவிட்டால் மேலதிகத் தண்ணீர்க் குழாயால் யாருக்கும் தெரியாமல் இரவு முழுக்க வழியும். பில்லில் ஒரு யூனிட் என்பது 1000 லீட்டர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மெஷினின் மூடியைக் கழற்றாதீர்கள். ஈரத்தில் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் அதை வலிந்து தூக்கிவிடாதீர்கள். மீட்டருக்கு அப்பால் வீதிப் பக்கம் உள்ளது சபையின் பொறுப்பு. இவற்றுக்கெல்லாம் தெரிந்தவரைக் கூப்பிடத்தான் வேண்டும். கூப்பிடும் வேளையில் மகனையோ சகோதரனையோ அயல்வீட்டு உம்மாவையோ கூட வைத்துக் கொள்ளுங்கள். அது நமக்கும் நல்லது, வருகிற மனிதருக்கும் கண்ணியம். அவர் வருமுன் வாளிப் பரீட்சையை முடித்து வைத்திருங்கள். "ஹோஸ் வரை தண்ணீர் வருகிறது, சல்லடை சுத்தம், இரைச்சல் கேட்கிறது. வால்வை மீட்டர் வைத்துப் பார்ப்பீர்களா?" என்று அமைதியாகக் கேளுங்கள். நேர்மையான பாஸ் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார், அவருக்கு நேரம் மிச்சம். மாற்றிய பழைய பாகத்தை வீட்டிலேயே விட்டுப் போகச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை கணவர் வந்தார். போர்ட்டுக்குக் காசு தேட வேண்டும் என்ற கவலையோடு வந்தவரிடம் அந்த அழுக்குச் சல்லடையைப் போட்டோவில் காட்டினேன். சிரித்துவிட்டு, தாங்கியை எவ்வளவு உயர்த்தலாம் என்று பார்க்க ஏணியை எடுத்துக்கொண்டு போனார். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் உதவுவார்கள், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து போவார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்ததை நம் ஆண்களுக்கும் சொல்லிக் காட்டலாம். ஏணியில் ஏறுவதற்கு அவர்கள்தான் வசதி.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். ஹாட்வெயார் கடைக்கு வோஷர் வாங்கப் போகும்போது "வோஷிங் மெஷின் வோஷர்" என்று மட்டும் கேட்டால் அவர் மூன்று நாலு ரகம் எடுத்து மேசையில் போடுவார். எல்லாம் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். பழைய வோஷரை ஒரு நெருப்புப் பெட்டிக்குள் போட்டுக் கொண்டு போங்கள். புதியதன் மேல் அதை வைத்துப் பாருங்கள். வெளி வட்டமும் உள் ஓட்டையும் தடிப்பும் சரியாக இருந்தால் இரண்டாக வாங்குங்கள், மற்ற முனைக்கும் தேவைப்படும்.